வரப்பு கட்டிய மைதானம்

சீசனின் கடைசி ஆட்டத்தன்று காலை சிதம்பரம் மைதானத்துக்குள் நுழைந்த தேவசகாயம் முதலில் பார்த்தது ஒரு கொக்கை. வடக்கு கோல் கம்பத்துக்கு முன்னால், கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்றிருந்தது. அவனைப் பார்த்தும் நகரவில்லை.

மைதானத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வரப்பு. மண்வெட்டியால் தட்டி வழவழப்பாக்கிய நேர்த்தியான வரப்பு. உள்ளே தண்ணீர். தண்ணீருக்கு மேல் புல்லின் நுனி பச்சையாகத் தெரிந்தது.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் கலியமூர்த்தி மோட்டார் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாத்தியா தம்பி? எப்படித் துளுத்திருக்கு பாரு. புல்லு காயுது, பாத்துக்குங்கண்ணேன்னு சொன்னியே."

"இன்னிக்கு மேட்ச்சுண்ணே."

"தெரியும். அதான் முந்தாநாளே வரப்பப் போட்டுட்டேன்."

கலியமூர்த்தி இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். அதுவரை பக்கத்துக் கீரப்பாளையத்தில் நெல் பயிரிட்டவர். பச்சையாக ஒன்று வளர வேண்டுமென்றால் அதன் காலடியில் தண்ணீர் நிற்க வேண்டும். அவருக்குத் தெரிந்த பயிர் அப்படித்தான் வளர்ந்தது.

தேவசகாயம் கடலூர் போர்ட் கிளப்பின் கேப்டன். தடுப்பு ஆட்டக்காரன். இரண்டாம் பிரிவு லீக்கில் கடைசி இரண்டு அணிகள் கீழே இறங்கும். கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த ஓசூரைவிட போர்ட் ஒரே ஒரு புள்ளி மேலே இருந்தது; இன்றைய ஆட்டம் ஓசூரோடுதான். இன்று டிரா செய்தால் தப்பிக்கும். தோற்றால் இறங்கும். இறங்கினால் கிளப்பை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மற்றவர்கள் சின்ன வயது, வேறு எங்காவது போவார்கள். முப்பத்து நான்கு வயதுத் தடுப்பு ஆட்டக்காரனை யாரும் கூப்பிடப் போவதில்லை.

சீசன் தொடங்கியது கடலூரில்தான். கார்த்திகைப் புயலில் விளக்குக் கம்பங்கள் சாய்ந்தன, பார்வையாளர் கூரை பறந்தது. கிளப் சிதம்பரத்துக்கு இடம் மாறியது. அவ்வளவு தூரம் யார் போவது என்றார்கள் கடலூர்க்காரர்கள். அது அவுங்க ஊரு டீமு என்றார்கள் சிதம்பரத்துக்காரர்கள். முதல் ஆட்டத்துக்கு வந்த சுண்டல்காரர் இடைவேளையிலேயே அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்.

பிறகு மாசியில் ஒரு நாள், பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியை இங்கே தோற்கடித்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ரயிலில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. சிதம்பரம் ரத வீதிக் கடைக்காரர்கள் வந்தார்கள். ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லித் திட்டத் தொடங்கினார்கள். "திட்ட ஆள் வந்துட்டுது. இனிமே நாம அனாதை இல்ல," என்றார் கோச் ஸ்ரீதர்.

அந்த ஸ்ரீதர் இப்போது தண்ணீரைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ரெஃபரி வந்தார். இடுப்பு உயரத்திலிருந்து பந்தை விட்டார். அது 'சொத்'தென்று விழுந்து அங்கேயே கிடந்தது.

"மூணு மணிக்குப் பாக்குறேன். அப்பவும் இப்படியே இருந்தா புள்ளி ஓசூருக்குப் போயிடும். மைதானம் குடுக்க வேண்டியது நீங்க."

கலியமூர்த்தியின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. எங்கே என்று சொல்லாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓடிவிட்டார் என்று தேவசகாயம் நினைத்தான். அவர் மேல் வந்த கோபத்தை மண்வெட்டியில் காட்டினான். வந்து சேர்ந்த ஆட்டக்காரர்களும் கூடி வரப்பை வெட்டினார்கள். வெளியே மேடு. தண்ணீர் வாசல் வரை வந்து நின்றுகொண்டது.

வெயில் ஏறியபோது டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் இழுத்து வந்த டிப்பரில் மூன்று டீசல் இன்ஜின்கள், சுருட்டிய குழாய்கள், உமி மூட்டைகள், ஆணும் பெண்ணுமாய்க் கீரப்பாளையத்து ஆட்கள். மழைக்காலத்தில் வயலிலிருந்து வெள்ளத்தை இறைக்கிற இன்ஜின்கள். அறுவடை முடிந்து சும்மா கிடந்தவை. மொபெட்டில் முன்னால் வந்த கலியமூர்த்தி யாரையும் பார்க்காமல் போய் முதல் குழாயைத் தண்ணீரில் போட்டார்.

டிப்பரிலிருந்து இறங்கிய அவர் மனைவி ஞானாம்பாள் சேலையை இழுத்துச் செருகினாள்.

"இந்த மனுசனுக்கு ஒரு வேல சொன்னா, எப்ப நிறுத்தணும்னும் சேத்துச் சொல்லணும் தம்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அப்படித்தான் சொல்றேன்."

இன்ஜின்கள் மூன்றும் சேர்ந்து இரைந்தன. மூலைகளில் தேங்கியதைத் தட்டால் வாரி ஊற்றினார்கள். ஆட்டக்காரர்களும் இறங்கினார்கள். தேவசகாயத்தின் தட்டில் பாதி தண்ணீர் காலிலேயே கொட்டியது.

"என்னா கேப்டன், போன மேட்ச்சுல பந்தையும் இப்படித்தான உட்ட," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கடைசியில் ஈரத்தின் மேல் உமியைத் தூவினார்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. மூன்று மணிக்கு ரெஃபரி ஐந்தாறு இடத்தில் பந்தை விட்டுப் பார்த்தார். எழும்பியது. வடக்கு கோல் பக்கம் மட்டும் ஏதோ கடனே என்று எழும்பியது.

"ஆடலாம்," என்றார்.

கீரப்பாளையத்து ஆட்களுக்கு நன்றி சொல்லத் தேவசகாயம் திரும்பினான். டிராக்டர் மட்டும் நின்றது. ஆட்களைக் காணவில்லை. உடை மாற்ற நேரமாகிவிட்டது.

ஓசூர் வேகமான அணி. முதல் அரை மணி நேரம் சமாளித்தார்கள். பிறகு தேவசகாயம் கோல்கீப்பர் அருள்மொழிக்குத் திருப்பித் தட்டிய பந்து வடக்குப் பக்கச் சேற்றில் நின்றுவிட்டது. அருள்மொழி ஓடி வருவதற்குள் ஓசூர்க்காரன் வந்துவிட்டான். ஒரு கோல்.

மைதானம் அமைதியானது. அந்த அமைதியில் மேல் படியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அங்க சேறுன்னு தெரியாதா? நீதான தம்பி அள்ளுன!"

ஞானாம்பாள். கூட்டம் வெடித்துச் சிரித்தது. தலை குனிந்து நின்ற தேவசகாயம் நிமிர்ந்தான்.

இடைவேளையில் ஸ்ரீதர் அதிகம் பேசவில்லை. "பந்து தரையில ஓடாது. மேலயே வைங்க."

மேலேயே வைத்தார்கள். அழகில்லாத ஆட்டம். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர் கிடைத்தது. தேவசகாயம் முன்னே போனான். வழுக்கும் தரையில் ஓசூர்க்காரன் எம்பத் தவறினான். இவன் எம்பினான். பந்து நெற்றியில் பட்டது தெரிந்தது. அது எங்கே போனது என்று தெரியவில்லை. கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் கோல் என்று தெரிந்துகொண்டான்.

மிச்ச நேரம் பதினொரு பேரும் தங்கள் கோலின் முன்னால் நின்றார்கள். விசில் ஊதியபோது அருள்மொழி தரையில் மண்டியிட்டு அழுதான். ஸ்ரீதர் யாரையோ கட்டிக்கொண்டார். அது ஓசூர் கோச்.

தேவசகாயம் தடுப்பைத் தாண்டி, பூட்ஸ் காலோடு படியேறினான். கீரப்பாளையத்து ஆட்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். காய்ந்த சேறு முழங்கால் வரை. கையில் டிக்கெட்.

"டிக்கெட்டா? உள்ளதான இருந்தீங்க?"

"ஆட்டத்துக்குக் கேட்டத் தொறக்கணும், எல்லாரும் வெளிய போங்கன்னான் கேட்டுல நின்ன தம்பி," என்றார் கலியமூர்த்தி. "போனோம். திரும்பி வரப்ப டிக்கெட் கேட்டான். அவன் கேக்கறதும் நியாயந்தான?"

சீசன் முழுக்கத் தேவசகாயம் ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் கூட்டத்தைப் பார்த்துக் கை தூக்கியிருக்கிறான். அது போதாது என்று தோன்றியது. ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்தான். கலியமூர்த்தி கையைக் கொடுக்கத் தயங்கினார்.

"கெடுத்துட்டேன் தம்பி."

"உங்களாலதாண்ணே இவுங்க வந்தாங்க."

அவர் அதை முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கையைக் கொடுத்தார்.

"ஏந்தம்பி," என்றாள் ஞானாம்பாள், "அடுத்த வருசமும் ஆட்டம் உண்டுல்ல? எதுக்குக் கேக்கறன்னா, இவரு இதுல இருந்தா வூட்டுல நிம்மதி."

வீட்டில் மனைவி ரேகா இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். ரயில்வே ஸ்டேஷனில் யார் யாரோ கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவன் பேச்சை மாற்றியிருந்தான்.

"உண்டு அண்ணி," என்றான்.

"அப்ப சரி," என்று அவள் படியிறங்கினாள்.