முதுகில் மிச்சமிருந்த வெள்ளை

சந்தை வாசலில் மைப் பீச்சாங்குழலோடு நிற்பவன் மான்சிக் என்று தெரிந்ததும் ஒக்புனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொந்தக் கொழுந்தன், விட்டுவிடுவான் என்று நம்பினாள்.

கொரியர்கள் வெள்ளை உடுத்தக் கூடாதாம். சீக்கிரம் அழுக்காகுமாம், துவைத்தே பொழுது வீணாகுமாம். நாட்டைப் பிடித்து ஆளும் ஜப்பான்காரனுக்கு நம் துணிமேல் என்ன அக்கறை பாருங்கள்! சாயம் போடாமல் வருகிறவர்கள்மேல் மை அடிக்கச் சொல்லி உத்தரவு. அடிக்கிற ஆள் மட்டும் நம்மவன்.

ஒக்புன் உடுத்தியிருந்தது துக்க உடுப்பு. அவள் புருஷன் தொக்சூ, குத்தகை உயர்வை எதிர்த்து ஊரைத் திரட்டியவன். சிறைக்கு நடந்து போனான், பாயில் சுருட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக அந்த வெள்ளைச் சணல் துணியைத் தவிர அவள் வேறு உடுத்தவில்லை. மறுநாள் இரண்டாம் திவசம். அதோடு துக்கம் முடியும், உடுப்பை எரித்துவிடலாம். படையலுக்குக் கருவாடு மட்டும்தான் பாக்கி. பிள்ளையில்லாதவள்; படையலில் செத்தவனுக்குக் கிண்ணத்தில் மது ஊற்ற உரிமையுள்ள ஆண் மான்சிக் ஒருவன்தான்.

"துக்கத் துணி தம்பி இது. உங்க அண்ணனுக்காக உடுத்தினது," என்றாள்.

மான்சிக் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஜப்பானிய அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணை மூடிக்கங்க அண்ணி."

மார்பிலிருந்து பாவாடை வரை கறுப்பு வழிந்தது. பாவி! அவள் அழவில்லை. அப்படியே உள்ளே போய்க் கருவாடு வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

விடியற்காலையில் படையலுக்கு வந்தான் மான்சிக். கையைத் தேய்த்துக் கழுவியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் மை. கிண்ணத்துக்குக் கை நீட்டினான். மை பட்ட உடுப்போடு எதிரே நின்றவள் கொடுக்கவில்லை.

"வேலை போயிருக்கும் அண்ணி. வீட்ல நாலு வாய் இருக்கு."

"உங்க அண்ணனுக்கும்தான் ஒரு வாய் இருந்துச்சு. அதைத் திறந்ததுக்குத்தானே கொன்னாங்க."

"பொம்பளை ஊத்தினா ஊர் சிரிக்கும்."

"நேத்து சந்தையில சிரிச்சதைவிடவா?"

தானே ஊற்றினாள். பாதி பாயில் சிந்தியது. வந்திருந்த பங்காளிகள் முகம் சுளித்து, சாப்பிடாமலே எழுந்து போனார்கள். அவள் மேலிருந்த மையைப் பார்த்துச் சுளிக்காத முகங்கள்!

"உடுப்பைக் கழட்டிக் கொடுங்க அண்ணி, நானே கொளுத்திடறேன்," என்று கெஞ்சினான் மான்சிக். அது கண்ணில் படாமல் போனால் போதும் அவனுக்கு.

"துக்கம் முடியலை," என்றாள்.

அடுத்த சந்தை நாளன்று அதே உடுப்போடு வாசலில் வந்து நின்றாள். மான்சிக் காணாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதிகாரி பிரம்பால் நாற்காலிக் காலைத் தட்டினான். மான்சிக் பீச்சாங்குழலைத் தூக்கி, மை தீரும்வரை அடித்தான்.

ஒக்புன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெல்லத் திரும்பி நின்றாள்.

"முதுகுல இன்னும் வெள்ளை இருக்கு, கொழுந்தனாரே. மையை ரொப்பிட்டு வாங்க, நான் நிக்கிறேன்."