ஐம்பது மாட்டுகிறவள் இல்லாத லைன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. இரண்டாயிரத்து நான்கில் தண்டலத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். வருடா வருடம் அதே சராசரி, அதே கரும்பலகை, அதே கொட்டாவி. என்னிடம் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்த கலைமணி ஒரு சாயங்காலம் வந்து, “சார், ஒரு கணக்கு இடிக்குது” என்றான். கேட்டேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

முதல் வரியாக எழுதியது: ‘விடியற்காலைப் பனியில் கம்பெனி பஸ்கள் ஊர்ந்து’ [வேண்டாம். எல்லோருடைய கதையிலும் இந்த பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.]

அடுத்தது: ‘மாரிசெல்வியின் விரல்கள்’ [விரல்களை வர்ணிக்க ஆரம்பித்தால் நாலு பக்கம் போகும். தெம்பில்லை.]

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

காருக்குள் ஓடும் வயர்களின் நுனியில் கனெக்டர் மாட்டும் லைன். ஆறு பெண்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் எத்தனை மாட்ட வேண்டும் என்று முடிவு செய்ய, கலைமணி ஸ்டாப்வாட்சோடு அவர்கள் பின்னால் நின்றான். அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. வாட்ச் வந்தால் எல்லோர் கையும் கொஞ்சம் சோம்பும். நாற்பத்தைந்து மாட்டக்கூடியவர்கள் நாற்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மாரிசெல்வி புதுசு. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் சின்ன வயதிலிருந்து குச்சி அடுக்கியவள். அங்கே மெதுவாகச் செய்தால் முதுகில் விழும். பின்னால் ஒருவன் வந்து நின்றதும் பரீட்சை என்று நினைத்துக்கொண்டாள். நூறு மாட்டினாள்.

ஐந்து பேர் ஆளுக்கு நாற்பது, இருநூறு. அதோடு ஒரு நூறு. முந்நூறை ஆறால் வகுத்தால் ஐம்பது. ஐம்பது மாட்டுகிறவள் ஒருத்திகூட இல்லாத லைனுக்கு ஐம்பது டார்கெட் ஆயிற்று.

லைனில் மூத்தவள் வடக்குப்பட்டு மரகதம். கேன்டீனில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“இன்னாடி பண்ணி வச்சிகீற? வாட்ச் நின்னா மெதுவா பண்ணணும்னு உனுக்கு யாரும் சொல்லலியா?”

“பரீட்சைன்னுல்ல நெனச்சேன்க்கா...”

“நீ பாஸு. நாங்கல்லாம் பெயிலு. போ.”

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஆறு எண்களையும் வரிசையாக வைத்து நடுவில் இருப்பதை எடுத்திருந்தால் நாற்பதுதான் வந்திருக்கும். மாரிசெல்வி ஆயிரம் மாட்டியிருந்தாலும் அது அசைந்திருக்காது. ஆனால் கம்பெனிக்குச் சராசரிதான் வேண்டுமாம்.)

3

இங்கே கனகலட்சுமியைக் கொண்டுவர வேண்டும். அதே லைனில் வேலை. சேரப்பணஞ்சேரியில் மாரிசெல்வியோடு ஒரே அறையில் குடியிருப்பவள். இந்த வேலைக்கு அவளைக் கூட்டிவந்தவளும் இவள்தான். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். மற்றவர்களின் நாற்பது நடிப்பு, இவளுடையது நிஜம். டார்கெட்டை எட்டாதவர்களின் கான்ட்ராக்ட் மாதக் கடைசியோடு முடிந்துவிடும்.

மரகதம் சண்டை போட்டதில், இன்னொரு முறை அளக்கக் கலைமணி ஒத்துக்கொண்டான். சூப்பர்வைசர் மாரிசெல்வியைத் தனியாகக் கூப்பிட்டு, மறுபடியும் நூறு காட்டினால் பெர்மனென்ட் என்றார். பெர்மனென்ட் ஆனால், இன்னும் தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் தங்கையை அழைத்துவந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்.

அறையில் நடந்ததை இப்படி எழுதினேன்: ‘கனகலட்சுமி சிரித்தாள். “உன் கை, உன் வேகம். என்னைப் பத்தி யோசிக்காத” என்று’

[இவ்வளவு நல்லவளை நான் எங்கும் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று கலைமணிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலை போகப்போகிறவள் இப்படித்தான் பேசியிருப்பாள்:]

“ஏட்டி, நாளைக்கு மெதுவாச் செய்.”

“தங்கச்சி...”

“தெரியும். தெரிஞ்சுதான் கேக்கேன். எனக்குத் திரும்பிப் போக எடமில்ல.”

மாரிசெல்வி பாயை உதறிப் போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

4

நாற்பது காட்டினால் கனகலட்சுமி பிழைப்பாள், தங்கை தீப்பெட்டி ஆபீஸிலேயே கிடப்பாள். நூறு காட்டினால் கனகலட்சுமி பெட்டி கட்டுவாள், நாற்பத்தைந்தைத் தாண்டாத மற்ற நாலு பேரும் பின்னாலேயே. கணக்குப் பிடித்தவர்கள் எழுபது என்பீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். சராசரி நாற்பத்தைந்து; நாலு பேர் முக்கி முனகித் தப்பிப்பார்கள். கனகலட்சுமி அப்போதும் நாற்பதில்தான் நிற்பாள். மாரிசெல்விக்குப் பெர்மனென்ட்டும் கிடையாது.

டீக்கடையில் கலைமணி கேட்டது வேறு.

“அந்த நூறுக்காரிய மட்டும் எடுத்துட்டுக் கணக்குப் போட்டா இன்னா சார்?”

“நம்பரை எடுக்கலாம்டா. ஆளை எங்க வைப்பே?”

“லைனுக்கு ஒத்துவரலன்னு எழுதிட்டா, வெளியதான் சார்.”

காலையில் அளக்க வேண்டும் என்று எழுந்து போனான். பிறகு பலமுறை பார்த்துக்கொண்டோம். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பயம்தான்.

5

எழுதி முடிக்கும் நேரத்தில் ஒன்று உறைத்தது. நானும் அந்தக் கம்பெனி மாதிரிதான் செய்திருக்கிறேன். ஆறு பேரில் நூறு மாட்டியவளைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்கள் எல்லாம் இப்படித்தான் என்று யாராவது முடிவு கட்டினால், அந்தப் பழி என்னுடையது.

அலுத்துவிட்டது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டியதை மட்டும், என் கற்பனையிலிருந்துதான், தந்துவிடுகிறேன். அன்று காலையும் கனகலட்சுமிதான் இருவருக்கும் சோறு கட்டினாள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கலைமணி பின்னால் வந்து நின்று, ஆரம்பிக்கலாம் என்றான். மாரிசெல்வி முதல் வயரைக் கையில் எடுத்து, கனகலட்சுமியின் பக்கம் திரும்பாமல்,