வழிமொழிய ஓர் ஆள்

‘எந்திரிச்சு அந்த ஒத்த வார்த்தையச் சொன்னா கூட்டம் முடிஞ்சிரும், பொழுது அடையுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்’ என்று நினைத்தபோதே, அப்படி நினைத்ததற்காக வெள்ளத்தாய்க்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

ராஜபாளையம் மில்லின் சங்கப் பொதுக்குழு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியிருந்தது. அகில இந்திய சம்மேளனத்திலிருந்து விலகி, மில்லுக்குள் மட்டும் இயங்கும் தனிச் சங்கமாவது என்று தீர்மானம். விலகினால் பேச்சுவார்த்தைக்கு உட்காரத் தயார் என்று முதலாளி சொல்லியிருந்தார். சங்கத்தில் முன்மொழிவது ஆண்கள், வழிமொழிவது பெண்கள். யாரும் போட்ட விதியல்ல, பழகிவிட்டது. அங்கே பாதிக்கு மேல் நூல் சுற்றும் வைண்டிங் பகுதிப் பெண்கள்தான். வெள்ளத்தாய் எழுந்தால் அவர்கள் கையும் எழும்.

முன்மொழிந்துவிட்டு இறங்கிய செயலாளர் லிங்கேஸ்வரன் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான். “டெல்லியில இருக்கவியளுக்கு நம்ம கஷ்டம் என்னக்கா தெரியும்? சுதந்திரத்துக்கு முந்தியே பொறந்த சம்மேளனம்னு பெருமை பேசுதாக. பொறந்து எத்தன துண்டா ஒடஞ்சிருக்கு!”

பொய்யில்லை. சம்மேளனத்தின் அகில இந்தியத் தலைவர் வந்தபோதும் பெண்களைப் பன்னீர் தெளிக்கத்தான் நிறுத்தினார்கள். மேடையில் ஒரு நாற்காலி கிடையாது. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் இரவு ஷிப்டுக்கு வேன் கேட்டதற்காக அவளையும் உடன் வேலை செய்யும் ஜெபாவையும் மில் நிர்வாகம் வேலை தராமல் வெளியே நிறுத்தியபோது, உள்ளூர்ச் சங்கம் “செத்தப் பொறுங்க” என்றுதான் சொன்னது. சம்மேளனம் செய்தியை ஊர் ஊராக அனுப்பியது. பஞ்சாபில் ஒரு மில் வாசலில் முகம் தெரியாத பெண்கள் அட்டை பிடித்து நின்ற படம் போனில் வந்தது. அவள் பெயரைத் தமிழிலேயே எழுத முயன்று ‘வெல்லத்தாய்’ என்று எழுதியிருந்தார்கள்.

“ஏட்டி, மூடி வையி, ஈ மொய்க்கப் போவுது!” என்று அன்று படத்தைப் பார்த்து ஜெபா சிரித்தாள். வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெயரை இத்தனை பாடுபட்டு யாரும் எழுதியதில்லை என்று தோன்றியது. பல ஊர் மில் வாசல்களில் தொழிலாளர்கள் அப்படி நின்ற பிறகே இருவருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

விலக மனம் வராதது நன்றிக்கடனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை, பயம். நாளைக்கு இன்னொருத்தியை வெளியே நிறுத்தினால், மில் சுவருக்குள் போடுகிற சத்தம் யார் காதில் விழும்?

“வழிமொழிய, தோழர் வெள்ளத்தாய்” என்று மைக்கில் கூப்பிட்டார்கள். பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின.

“எந்திரிங்கக்கா. நீங்கதான் வழிமொழியுதீகன்னு மொதலாளிட்டயே சொல்லியாச்சு” என்றான் லிங்கேஸ்வரன்.

“வேற ஆளப் பாரு தம்பி” என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி. உட்கார்ந்தே இருந்தாள்.