சுத்தத் தொட்டி மீன்கள்

கல்லீரலைப் பார்த்தே மீனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள் என்று ஆய்வுக்கூடத்தில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கண்ணாடித் தகடுகளோடு பதினோரு வருடம் குப்பை கொட்டியதால் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. மீனை அறுத்து, கல்லீரலை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றித் தகட்டில் ஒட்டித் தருகிறவன் கத்தரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை அதே வேலைதான். ஒரு தொட்டியில் தொழிற்சாலைக்குக் கீழே எடுத்த ஆற்றுத் தண்ணீர், இன்னொன்றில் ஊருக்கே வருகிற குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரே பண்ணை மீன்கள், முப்பது நாள். குழாய்த் தண்ணீருக்குச் சுத்தத் தொட்டி என்று பெயர். எது எந்தத் தொட்டி மீன் என்று தெரிந்தால் மனசு சாய்ந்துவிடுமே என்று கத்தரி தகடுகளில் வெறும் எண்ணைத்தான் ஒட்டுவான். அவள் பழுதுக்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போடுவாள்; நான்கென்றால் படுமோசம். ஆற்று மீனின் மதிப்பெண்ணிலிருந்து சுத்தத் தொட்டி மீனுடையதைக் கணினி கழித்துக் காட்டும். அந்த மிச்சம்தான் அறிக்கை. வருடா வருடம் அது குறைந்துகொண்டே வந்தது. ஆறு தேறி வருகிறது என்று பெருமையாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இந்த முறை சுத்தத் தொட்டி மீன்கள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. ஆனால் குழாயைத் திறந்தால் போதும், அத்தனையும் எதிர்மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து அசையாமல் நின்றுவிடும்.

"கோவிச்சுக்கிட்டு நிக்குதுங்கக்கா" என்று கத்தரி சிரிப்பான். அவளுக்கு அந்த முதுகுகளைப் பார்க்கவே பிடிக்காது. வெளியே வந்து மகளுக்குப் போன் போடுவாள். மகளுக்கு ஏழாம் மாதம். "தண்ணி நிறையக் குடிடி" என்று நச்சரிக்காத நாளில்லை.

இன்று காலை கடைசித் தகட்டையும் பார்த்து முடித்தாள். கத்தரி பட்டியலைக் கணினியில் ஏற்றினான். மிச்சத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விழுந்தது.

"அக்கா, நீங்க நாலு போட்டதெல்லாம் சுத்தத் தொட்டி."

"லேபிளை மாத்தி ஒட்டித் தொலைச்சிட்டியா?"

"சத்தியமா இல்லக்கா. சுத்தத் தொட்டி மீனுக்கு விடும்போதே வாலோரம் நறுக்கி விட்டேன். உடம்பெல்லாம் அதே நம்பர் போட்டு ஜாடியில இருக்கு, நீங்களே எண்ணிப் பாருங்க."

நான்கு வாங்கிய எண்களை ஜாடிகளில் தேடி எடுத்து எண்ணினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை, எல்லா வாலும் நறுக்கியதுதான்.

பழைய பெட்டிகளை இறக்கி, ஆற்று மீன்களை ஒதுக்கிவிட்டு, சுத்தத் தொட்டித் தகடுகளை மட்டும் வருட வரிசையில் பார்த்தாள். முதல் வருடம் செல்கள் நெருக்கமாக, முழுசாக இருந்தன. நான்காம் வருடம் அங்கங்கே சின்ன ஓட்டைகள். ஏழாம் வருடம் ஓட்டைகள் ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. வேறு வேறு மீன்கள்தான். இருந்தாலும், ஒரே கல்லீரல் இத்தனை வருடமும் பெட்டிக்குள் உட்கார்ந்து மெல்ல அழுகுவது போலிருந்தது. ஆற்று மீன்களின் பழைய மதிப்பெண்களோ ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆறு தேறவே இல்லை. குழாய்தான் ஆற்றை எட்டிப் பிடித்து, இந்த வருடம் முந்தியும் விட்டது. குழாயின் பழுதை வருடா வருடம் கழித்துத் தள்ளிவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள் மகராசி.

மகளை அழைத்தாள்.

"குழாய்த் தண்ணியைத் தொடாதே."

"காய்ச்சித்தானேம்மா குடிக்கிறேன்?"

"காய்ச்சினாலும் போகாது. இது கிருமி இல்லடி, விஷம்."

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலடி. மீனுக்கு என்ன ஆச்சுன்னுதான் எனக்குத் தெரியும். உடனே டாக்டர்கிட்ட போகலாம், நான் வரேன்."

"சரி. இப்ப தொண்டை காயுதே. கேன் தண்ணி வாங்கட்டுமா?"

"அதுவும் இதே குழாயில பிடிக்கிறதுதான்."

"அப்ப எந்தத் தண்ணியைத்தான் குடிக்கட்டும்? நீயே சொல்லும்மா."

கண்ணாடியக்கா ஊரில் வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யோசித்தாள். ஆறு ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது.