அம்மாவின் வலது கை

ஓவியத்தை எப்படிப் பார்ப்பது என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் அக்கா. தம்பிக்கோ அதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு. ஆனாலும் அவனுடைய புது வீட்டுக்கென்று, மறைந்துபோன அம்மா வெங்காயம் நறுக்குவதுபோல் ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தாள். மாட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் மனசு கேட்காமல் ஓடிவந்தாள்.

படம் கரண்ட் மீட்டரை மறைத்துத் தொங்கியது. அம்மாவின் வலது கையைக் காணோம்.

"கை எங்கடா?"

"சுவர்ல இடம் பத்தலக்கா. ஓரத்துல கொஞ்சம் வெட்டினேன். மூஞ்சி முழுசா இருக்குல்ல?"

"மூஞ்சி போட்டோவுலயே இருக்குடா. நான் வரைஞ்சதே அந்தக் கையைத்தான்."

"இங்கேயும் வகுப்பு எடுக்காதக்கா. வர்றவங்க எப்படி ரசிக்கிறாங்க தெரியுமா? ஃப்ரேம் எங்க வாங்கினீங்கன்னு கேக்காத ஆளில்ல."

"வெட்டின துண்டு எங்க?"

தம்பி மனைவி ஜன்னலைக் காட்டினாள். கான்வாஸ் துண்டு நாலாக மடிந்து சட்டத்தின் இடுக்கில் செருகியிருந்தது. அக்கா அதை உருவிப் பிரித்து நீவினாள். மடிப்பு விழுந்த இடத்தில் விரல்களின் வண்ணம் உதிர்ந்திருந்தது. முட்டு போனதும் ஜன்னல் காற்றில் படபடவென்று அடித்தது.

"கோச்சுக்காதீங்கக்கா, பார்த்து முடிச்சதும் அதை அங்கேயே செருகிடுங்க. இந்தச் சத்தத்துல தூக்கமே வர்றதில்ல."