கடைசிப் பீரியடில் ஹெட்மாஸ்டர்

அன்று மத்தியானம் தமிழ் டீச்சர் ஃப்ளோரன்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் வகுப்பில் அவருடைய வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடைத் தனக்குக் கொடுக்கும்படி கணக்கு வாத்தியார் ஜெயவேல் கேட்டிருந்தார். ஹெட்மாஸ்டர் தனசேகரன் இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். போன வருஷம், தொண்ணூற்றேழில், கணக்கில் பாதிப் பேர் கோட்டை விட்டிருந்தார்கள். ஜெயவேலைக் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் சந்தவாசலிலிருந்து ஆரணி பெண்கள் பள்ளிக்கு பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே வருகிற ஃப்ளோரன்ஸுக்கு, வாரத்தில் அந்த ஒரு பீரியடுதான் சந்தோஷம்.

அதில் எல்லாரும் கவிதை எழுத வேண்டும். டீச்சரும்தான். அறையில் உட்கார்ந்தவர் யாராயிருந்தாலும் எழுதி வாசிக்க வேண்டும். எந்த வரி தேறாது என்று மற்றவர்கள் சொல்வார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் போட்டது ஃப்ளோரன்ஸ், அதிகம் அடி வாங்கியதும் அவரே. "நிலா வர்ற வரி எல்லாத்தையும் எடுத்துடுங்க டீச்சர்" என்று போன வாரம் தீர்ப்பானது. எடுத்த பிறகு மிஞ்சியது தலைப்பு மட்டும்.

தனசேகரன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஃப்ளோரன்ஸ் வாயைத் திறப்பதற்குள் முதல் பெஞ்சு சுகன்யா எழுந்துபோய் அவர் முன்னால் ஒரு தாளை வைத்துவிட்டாள்.

"எதுக்கும்மா?"

"இங்க உக்காந்தா எழுதணும் சார். டீச்சரே எழுதுவாங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் ஃப்ளோரன்ஸ். தனசேகரன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.

ரைஸ் மில் தவிட்டைப் பற்றிக் கண்ணகி வாசித்தாள். ஃப்ளோரன்ஸ் பஸ் கம்பியைப் பற்றி வாசித்தார், நிலா இல்லாமல். அடுத்து ஹெட்மாஸ்டர் எழுந்தார்.

"உழைப்பே ஒளி, கடமையே வழி.
மணி அடித்ததும் எல்லாரும் ஓடுகிறீர்கள்.
எனக்கும் ஓட ஆசைதான்.
யாராவது பார்த்துவிட்டால்?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சுகன்யா கையைத் தூக்கினாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஹெட்மாஸ்டர் கண்ணில் படவில்லை, கவிதைதான் பட்டது.

"மொத வரி வேணாம் சார். ப்ரேயர்ல நீங்க பேசறாப்பல கீது. மத்ததெல்லாம் சூப்பரா கீது."

ஃப்ளோரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தனசேகரன் அந்த வரியை அடித்துக்கொண்டிருந்தார். மிச்சத்தை வாய்க்குள்ளேயே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார். "ரெண்டாவது வரியும் நீளமா இருக்குதோ?"

வகுப்பே அந்த வரிமேல் பாய்ந்தது. 'எல்லாரும்' வேண்டாம் என்றாள் ஒருத்தி. வேண்டும் என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். மணி அடித்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஃப்ளோரன்ஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் பக்கத்தில் போனார்.

"கணக்குப் பீரியடு, சார்?"

"அத சனிக்கிழமை காலைல வச்சிக்கலாங்க," என்று தனசேகரன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஜெயவேல் சார் கேட்டா, ஹெட்மாஸ்டர் இன்னும் எழுதி முடிக்கலன்னு சொல்லிடுங்க."