கைக்கு என்ன ஆதாரம்

"ஊசி போடும்போது நீ கையப் பிடிச்சா வலி குறையும்னு எந்த ஆராய்ச்சியில இருக்கு?" என்று ஜெசிந்தா சிஸ்டர் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆறாம் வார்டில் உதவியாள்.

படுக்கைப்புண் வராமல் முதுகில் தேய்க்கும் பவுடருக்கும் ஸ்பிரிட்டுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆதாரம் இல்லாதவை வார்டில் இருக்கக் கூடாதாம்; அவை போன மாதமே ஸ்டோருக்குப் போய்விட்டன. அடுத்தது என் கைகள். ஸ்டோர்க்காரர் வந்து அளவெடுத்தார். முழங்கை வரை போதும் என்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிச்சா நீயே வச்சுக்கலாம்" என்றார் சிஸ்டர். அவர் நல்லவர்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வார்டு வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று வந்தது. அதே இருபது கட்டில்கள், அதே இருபது நோயாளிகள். இங்கே லாரி டிரைவர் முப்பிடாதி அண்ணாச்சி இருமினால் அங்கேயும் அவர் இருமினார். அங்கே கை பிடிக்கும் வேலைக்கு ஒரு டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பெயர் அட்டை மாட்டி நியமித்தார்கள். அது நேரத்துக்கு வந்தது. சாப்பிடப் போகவில்லை.

ஊசி போட்டதும் வலி எவ்வளவு என்று கேட்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். அந்தப் பக்கம் எல்லோரும் சொன்னார்கள். நாலு. அஞ்சு. நாலு. எண்கள் கட்டிலடியில் உட்கார்ந்துகொண்டன. சிஸ்டர் அவற்றைத் தட்டில் அள்ளி வந்தார்.

என் பக்கம் எல்லோரும் "பரவால்ல" என்றார்கள்.

"பரவால்லன்னா எத்தன?"

"பரவால்லன்னா பரவால்லதான் சிஸ்டர்."

சிஸ்டர் அதை அளவுகோலில் தேடினார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு வராந்தா இருந்தது. அதில் அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினார்.

"அங்க இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை ஸ்டோர்க்காரர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பஞ்சு விரித்திருந்தார். அப்போது நான் முப்பிடாதி அண்ணாச்சியின் இடது கையைப் பிடித்திருந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு எண் சொல்லுங்க. இல்லன்னா என் கை போயிரும்."

வார்டில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எப்படித் தாயி சொல்ல? ஒரு கையில ஊசி. இன்னொரு கைய நீ பிடிச்சிருக்க. எந்த விரல விட்டு எண்ண?"

"விட்டுரட்டுமா?"

"எதுக்கு, எண்ணவா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "சும்மா பிடி."

சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற கட்டில்களிலும் விசாரித்தார். யாருக்கும் கை காலியாக இருந்திருக்கவில்லை. "எண்ணப்படவில்லை" என்று இருபது முறை எழுதிக் கூட்டினார். பூஜ்யம் வந்தது. அந்தப் பக்கத்துக் கூட்டல் எண்பத்தொன்பது.

"நிரூபணமாயிட்டு" என்று கையெழுத்துப் போட்டார். ஸ்டோர்க்காரர் என்னை வாழ்த்திவிட்டுப் பஞ்சைச் சுருட்டினார்.

சுவர் விலகியது. அந்தப் பக்கத்து நோயாளிகள் வந்து, அவரவர் கட்டிலில் அவரவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் நெருக்கடிதான். யாரும் குறை சொல்லவில்லை.

ஸ்டாண்டு மட்டும் நடுவில் நின்றது. பெயர் அட்டையைக் கழற்றித் தரும்படி சிஸ்டர் அதனிடம் சொன்னார். அதற்குக் கை இல்லை. நான் கழற்றினேன். பிறகு அதன் கம்பியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. நான் விடும்வரை அது அசையவில்லை.

விட்டதும் சக்கரங்களில் உருண்டு வெளியே போனது.